பறிப்பு நேரத்துல முள்ளு கத்திரில சிலந்திப்பேன் விழுந்தா

முதல்ல பாத்தது நான் இல்ல, காய் பறிக்க வந்த அக்கா ஒருத்தங்க. காலைல ஆறு மணி இருக்கும், ரெண்டாவது பறிப்பு, நான் வரப்பு மேல உக்காந்து கூடைக்கு சணல் கட்டிகினு இருந்தேன். "தம்பி, இந்த கோடி பக்கம் செடில நூலாம்படை மாதிரி ஒட்டுது, கையெல்லாம் நமநமன்னு அரிக்குது, இன்னா அடிச்ச இதுக்கு?"ன்னு கேட்டாங்க. நான் எழுந்து கூட போகல. மண்ரோட்டு தூசிதான் யக்கா, டிராக்டர் போற வழி இல்ல அதுன்னு சொல்லிட்டு என் வேலைய பாத்தேன். அன்னிக்கு எழுந்து போய் ஒரே ஒரு இலைய திருப்பி பாத்திருந்தா இத எழுதவே வேண்டி இருந்திருக்காது.

நமக்கு வேலூர் மாவட்டம் அணைக்கட்டுங்கற ஊர் பக்கம் 40 சென்ட் கொல்லி. இலவம்பாடி முள்ளு கத்திரிதான் எப்பவும். தெரியாதவங்களுக்கு சொல்றேன், 2023ல புவிசார் குறியீடு வாங்குன வேலூர் முள்ளு கத்திரிக்காய் இதுதான், தண்டுல முள்ளு, இலை நரம்புல முள்ளு, காய் மேல இருக்கிற பச்சை தொப்பிலயும் முள்ளு. வெந்தா அல்வா மாதிரி இருக்கும், ஆம்பூர் பிரியாணிக்கு தொட்டுக்க கத்திரிக்கா வெக்கிறவங்க இந்த காய தேடி வாங்குவாங்க. ருசியெல்லாம் சரி, ஆனா இந்த முள்ளுனாலயே ஒரு பெரிய சிக்கல் இருக்கு, யாரும் இத சொல்ல மாட்டாங்க. சாதா கத்திரின்னா நடந்து போறப்பவே கை போற போக்குல இலைய திருப்பி அடிப்பக்கம் பாத்துடலாம். இதுல திருப்புனா சுருக்குன்னு குத்தும். அதனால எவனும் திருப்புறதில்ல. பறிக்கிறவங்க கூட பழைய சாக்ஸ கைல மாட்டிக்கினு காம்ப மட்டும் கிள்ளிட்டு போய்டுவாங்க. பேன் குடியிருக்கறது சரியா அந்த அடிப்பக்கத்துலதான்.

சிலந்திப்பேன்னு சொல்வாங்க, மருந்து கடைல மைட்ஸ்ம்பாங்க, எங்க பெரிப்பா செம்பேன்னு சொல்வாரு. கண்ணுக்கு தெரியறது கஷ்டம், அரை மில்லி மீட்டர் கூட இருக்காது. இலைல உக்காந்து சாற உறிஞ்சும், உறிஞ்சுன எடத்துல எல்லாம் வெள்ளையா ஊசி முனை புள்ளி விழும். இலை மேல ரவை கொட்டி வச்ச மாதிரி இருக்கும் மொதல்ல, அப்புறம் புள்ளி எல்லாம் ஒண்ணாகி மஞ்சளா, அதுக்கப்புறம் பித்தளை பாத்திரம் கறுத்த மாதிரி ஒரு கலர், கடைசில மொறுமொறுன்னு காஞ்சு தொங்கும். கூட்டம் ஜாஸ்தியாச்சுன்னா நூல் விட ஆரம்பிக்கும். அந்த அக்கா கைல ஒட்டுனது அந்த நூல்தான். நூல் கண்ணுக்கு தெரியுதுன்னா ஆரம்ப கட்டம் தாண்டி ரொம்ப நாள் ஆச்சுன்னு அர்த்தம், இது எனக்கு அப்ப தெரியாது.

நாலு நாள் கழிச்சு மூணாவது பறிப்புக்கு போறேன், ரோட்டோரம் ஆறு பாரு, அதாவது ஆறு வரிசை செடி, அப்படியே வெளுத்து கெடக்குது. காய் தொப்பி காஞ்சு பழுப்பா, காய்ல மினுமினுப்பே இல்ல. தண்ணி பத்தலையோன்னு நெனச்சேன். அம்மா வந்து பாத்துட்டு "சாறு உறிஞ்சுற பூச்சிடா இது, போயி மருந்து வாங்கியா"ன்னுச்சு. இலை ஒண்ண கிள்ளி பாலிதீன் கவர்ல போட்டுகினு கடைக்கு போனேன். கடைக்காரர் கவர தூக்கி கூட பாக்கல, பேச்ச கேட்டுட்டு "சாறு உறிஞ்சியா, இமிடா அடிங்க"ன்னு எடுத்து குடுத்துட்டாரு. கடை பேரெல்லாம் வேணாம், நானும் ஒரு வார்த்தை எதிர்த்து கேக்கலையே. சாயங்காலமே அடிச்சேன். அஞ்சாம் நாள் பாத்தா ஆறு பாரு பதினாலு பாரு ஆகி இருக்கு.

இமிடாகுளோபிரிட் வெள்ளை ஈ, அசுவினி, தத்துப்பூச்சிக்கு கேக்கும். அதெல்லாம் ஆறு கால் பூச்சி. பேனுக்கு எட்டு கால், அது சிலந்தி சாதி, பூச்சியே கெடையாது. அந்த மருந்து அத சாகடிக்காதுங்கறது ஒரு பக்கம், அதுக்கும் மேல, இமிடா அடிச்ச செடில பேன் இன்னும் நெறைய முட்டை விடும்னு ஆராய்ச்சிலயே சொல்லி இருக்காங்க. காசு குடுத்து நானே அதுக்கு சத்து டானிக் ஊத்தி இருக்கேன். அதுலருந்து மருந்து வாங்க போனா நான் கேக்கற மொத கேள்வி, இது பூச்சிக்கா பேனுக்கா.

ஆனா இந்த இமிடா கதை ரெண்டாவது தப்பு. மொத தப்பு அதுக்கு ஒன்றரை மாசம் முன்னாடியே நடந்துடுச்சு, அத கண்டுபிடிக்கத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு.

தை கடைசில நட்டது. மாசில குருத்து வாட ஆரம்பிச்சுது, தண்டு துளைக்கிற புழு, அதேதான் அப்புறம் காய்லயும் ஓட்டை போடும், கத்திரி போடற எல்லாருக்கும் தெரிஞ்ச சனியன். வாடுன குருத்த கிள்ளி எடுத்து அழிச்சு, பொறி வச்சுன்னு பொறுமையா செய்ய வேண்டிய வேலை, நான் ஆள் கூலி மிச்சம்னு பைரித்ராய்டு வகை மருந்து ஒண்ண வாரத்துக்கு ஒரு தடவைன்னு நாலு வாரம் அடிச்சேன். புழு என்னமோ கொஞ்சம் கொறஞ்சுது. கூடவே கொல்லில சுத்திகினு இருந்த பொறிவண்டு, பேன திங்கற குட்டி கறுப்பு வண்டு ஒண்ணு இருக்கு கடுகு விட சின்னது, அப்புறம் பேனையே திங்கற வேற சாதி பேன், எல்லாம் சுத்தமா போச்சு. திங்கறதுக்கு ஆள் இல்ல. பங்குனி வெயில் வேற, வேலூர் வெயில் சொல்லணுமா, காலைல எட்டு மணிக்கே மண்டைய பொளக்கும். சூடும் வறட்சியும் பேனுக்கு கல்யாண சாப்பாடு, முப்பது டிகிரிக்கு மேல இருந்தா முட்டைல இருந்து பெருசாகி மறுபடி முட்டை விட ஒரு வாரம் பத்து நாள் போதும் அதுக்கு. ஒரு பொட்டை பேன் நூறு முட்டை சர்வசாதாரணமா விடும். ஆம்பள பேன் கூட சேராமலே முட்டை விடும், அப்படி விடற முட்டை எல்லாம் ஆணா பொறக்கும். அதாவது ஒத்த பேன் வந்து எறங்குனாலே குடும்பம் ஆரம்பிச்சுடும்.

இதோட ரோட்டு தூசி. தூசி படிஞ்ச இலைல பேன் நல்லா பெருகும், அத திங்கற பூச்சி சரியா நடமாட முடியாது. அதான் எப்பவும் ரோட்டோர பாருல இருந்து ஆரம்பிக்குது. யூரியா வேற ரெண்டாவது தடவை கொஞ்சம் தாராளமா போட்டிருந்தேன், இலை தளதளன்னு இருந்துச்சு, எனக்கு பெருமை. பேனுக்கும் அதான் புடிக்கும்.

ராத்திரி தூக்கம் வராம போன்ல தேடுனேன். தமிழ்ல அவ்ளோவா ஒண்ணும் கெடைக்கல. இங்கிலீஷ்ல தேடுனா வர்ற பாதி வீடியோ கஞ்சா செடி வளக்கறவன் போட்டது, நெஜமாத்தான். கனடால 2018லயே சட்டப்படி ஆக்கிட்டாங்க, அங்க பெரும்பாலான மாகாணத்துல வீட்டுக்கு நாலு செடி வளக்கலாமாம். நம்ம ஊர்ல 1985 போதைப்பொருள் சட்டம் இருக்கு, ஒரு செடி வச்சிருந்தாலும் தூக்கி உள்ள வச்சிடுவான், எங்க வூட்ல பக்கத்துல வந்து எட்டி பாத்துட்டு "இன்னாயா பாத்துகினு கீற நடுராத்திரில"ன்னு ஒரு மாதிரி பாத்துச்சு. ஆனா சும்மா சொல்ல கூடாது, அவனுங்க பிரச்சனையும் என் பிரச்சனையும் ஒண்ணுதான். அறுக்கறதுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப பூ மேல பேன் நூல் கட்டுது, அந்த பூவ அவனுங்க கழுவி வேக வச்சு சாப்புடறது இல்ல, கொளுத்தி உள்ள இழுக்கறது, அதனால அந்த நேரத்துல மருந்து அடிக்கவே கூடாதுங்கறான் எல்லாவனும். எண்ணெய் கூட பூ மேல படக்கூடாதாம். கெட்டு போன இலைய கிள்ளு, அடிப்பக்கம் தண்ணி பீச்சு, ரொம்ப மோசமான செடிய பாவம் பாக்காம வெளிய தூக்கு, மீதிய சீக்கிரம் அறுத்துடு. நமக்கு ஒரு விதத்துல அத விட கஷ்டம். அவனுக்கு அறுவடை ஒரே நாள். கத்திரில ரெண்டு மாசம் மூணு மாசம் நாலு நாளைக்கு ஒருக்கா அறுவடைதான், எப்ப மருந்து அடிச்சாலும் நாளைக்கு பறிக்க வேண்டிய காய் மேலதான் விழும்.

அதுக்கு முன்னாடி இன்னொரு கூத்தும் பண்ணேன். பக்கத்து கொல்லிக்காரர் கந்தகம் அடின்னாரு, நனையற கந்தகத் தூள், அது நல்ல மருந்துதான், விலையும் கம்மி. லிட்டருக்கு ரெண்டு கிராம் போதும். நான் 16 லிட்டர் டேங்குக்கு அம்பது கிராம் கொட்டி, கரண்ட் வந்த நேரம் பாத்து தண்ணி புடிச்சு, காலைல பதினோரு மணிக்கு அடிச்சேன். ரெண்டு பாரு இலை விளிம்பெல்லாம் தோசைக்கல்லுல போட்ட மாதிரி கருகிடுச்சு. கந்தகம் வெயில்ல அடிக்க கூடாது, 32 டிகிரிக்கு மேல போற நாள்ல அத தொடவே கூடாது, வேப்பெண்ணெய் அடிச்சு ரெண்டு வாரத்துக்குள்ளயும் அடிக்க கூடாது. நம்ம ஊர்ல பங்குனி சித்திரைல 32க்கு கீழ இருக்கற நேரம் விடியக்காலை ஒண்டிதான். கந்தகம் மார்கழி தை மருந்துன்னு வச்சுக்கோங்க.

பெரிப்பா கிட்ட பொலம்புனேன். அவரு பரண் மேல இருந்து ஒரு பாட்டில் எடுத்துகினு வந்தாரு, டைக்கோஃபால், பாதி இருக்கு, மூடில துரு. "எங்க காலத்துல இத ஒரு தபா அடிச்சா பேன் பேரனோட போய்டும்டா"ன்னாரு. உண்மைதான், அந்த காலத்துல அதான் பேன் மருந்து. ஆனா 2023ல அத தடை பண்ணிட்டாங்க. சொன்னா கோவம் அவருக்கு, "தடை பண்ணா பேனுக்கு தெரியுமா"ன்னு கேக்கறாரு. பேனுக்கு தெரியாது பெரிப்பா, காய் சாப்புடறவனுக்குத்தான் தெரியணும்னு சொல்லி பாட்டில திரும்ப குடுத்துட்டேன். ரெண்டு நாள் என் கூட பேசல.

அப்புறம்தான் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வண்டிய வுட்டேன். பள்ளிகொண்டா வந்து ஹைவேல ஏறுனா கொஞ்ச தூரம்தான், பத்து வருஷமா அந்த வழியா வேலூர் மார்க்கெட்டுக்கு காய் எடுத்துகினு போறேன், ஒரு நாளும் உள்ள நொழைஞ்சதில்ல. அங்க இருந்த சார் நான் கொண்டு போன இலைய திருப்பி ஒரு வெள்ளை பேப்பர் மேல தட்டுனாரு. மொளகா பொடி சிந்துன மாதிரி விழுந்துச்சு. "இப்ப பாருங்க"ன்னாரு. பொடி நகருது. ஒரு லென்ஸ் குடுத்தாரு, நகைக்கடைல வச்சிருப்பாங்களே பத்து மடங்கு பெருசா காட்டறது, அதுல பாத்தா எனக்கு வாந்தியே வர்ற மாதிரி ஆய்டுச்சு, சிவப்பா சிலது, மஞ்சள் பச்சையா முதுகுல ரெண்டு பக்கமும் கறுப்பு பொட்டு வச்சது சிலது, நடுவுல கண்ணாடி மணி மாதிரி உருண்டை உருண்டையா முட்டை, எல்லாம் நூலுக்கு நடுவுல. ஒரு கட்டைவிரல் அகலத்துல ஒரு ஊரே குடியிருக்கு. எத்தினி தடவை பைரித்ராய்டு அடிச்சீங்கன்னு கேட்டாரு. நாலுன்னேன். வேற ஒண்ணும் கேக்கல, தலைய மட்டும் ஆட்டுனாரு. அப்பதான் எனக்கு விஷயம் வெளங்குச்சு.

வந்து செஞ்சத அப்படியே சொல்றேன், எனக்கு கேட்டுச்சு, உங்க கொல்லில எப்படியோ பாத்துக்கோங்க.

மொதல்ல கொல்லிய மூணா பிரிச்சேன், நல்லா இருக்கறது, ஆரம்பிச்சிருக்கறது, முடிஞ்சு போனது. முடிஞ்சு போன நாப்பது செடிய புடுங்குனேன். காய் தொங்கிகினு இருக்குது, பூ இருக்குது, அம்மா பக்கத்துல நின்னு "அடேய் அடேய்"ன்னுது. புடுங்கி அப்படியே வரப்பு வழியா இழுத்துகினு போகாம அங்கயே யூரியா சாக்குல திணிச்சு வாய கட்டி தூக்கிகினு போய் தள்ளி குழில போட்டு கொளுத்துனேன். இழுத்துகினு போனா போற வழியெல்லாம் பேன வெதச்சுகினு போற மாதிரி. ஆரம்பிச்சிருக்கற செடில அடி இலை, புள்ளி விழுந்தது எல்லாம் கிள்ளுனேன், செடிக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல கிள்ளல, மொத்தமா மொட்டையடிச்சா காய் வெயில்ல வெந்துடும். தோல் கையுறை ஒண்ணு ஆம்பூர்ல தோல் கம்பெனிக்கு போற மச்சான் குடுத்தாரு, அது மட்டும் இல்லைனா இந்த வேலை நடந்திருக்காது. அப்படியும் நகக்கண்ணுல முள்ளு.

அடுத்தது தண்ணி. பவர் ஸ்ப்ரேயர் வாடகைக்கு எடுத்து வெறும் தண்ணி, மருந்து ஒரு சொட்டு இல்ல, கீழ இருந்து மேல பாத்து இலை அடிப்பக்கம் பீச்சணும். நின்னுகினு அடிச்சா மேல்பக்கம் குளிக்கும், அடிப்பக்கம் காஞ்சே இருக்கும், குனிஞ்சு நாசில திருப்பி புடிக்கணும், இடுப்பு போய்டும். விடியக்காலைல அடிச்சேன், பகல்ல காஞ்சுடணும்ல, இல்லைனா பூசண நோய் வரும். மூணு நாளைக்கு ஒரு தடவை, மூணு தடவை. ஏன் மூணு நாள்னா இந்த சூட்டுல முட்டை மூணு நாள்ல பொரிஞ்சுடும், இன்னிக்கு அடிச்சதுல ஒட்டிகினு தப்பிச்ச முட்டை, பொரிஞ்சு வந்து மறுபடி முட்டை விடறதுக்குள்ள அடுத்த அடி விழணும். ஒரு தடவை அடிச்சுட்டு போச்சுடா சனியன்னு வூட்டுக்கு போய்டறோம் பாருங்க, அங்கதான் எல்லாரும் தோக்கறோம். நூல் அறுந்து பாதிக்கு மேல கழுவிகினு போய்டும், தூசியும் போய்டும். மண்ரோட்டு பக்கம் சாயங்காலம் நாலு கொடம் தண்ணி தெளிக்க ஆரம்பிச்சேன், டிராக்டர்காரன் சிரிச்சுகினே போறான், போகட்டும்.

பாசனத்த கெட்டி பண்ணேன். நாலு நாளைக்கு ஒரு தடவை விட்டுகினு இருந்தத ரெண்டு நாளைக்கு ஒருக்கா, கொஞ்சம் கொஞ்சமா. வாடுன செடிய பேன் சுலுவா சாய்ச்சுடும். யூரியா நிறுத்திட்டேன்.

தண்ணி மூணு தடவை முடிஞ்சும் நடு கொல்லில மிச்சம் இருந்துச்சு. வேப்பெண்ணெய் ரெண்டு சதவீதம், 16 லிட்டர் டேங்குக்கு 320 மில்லி, காதி சோப்ப சீவி வெந்நீர்ல கரைச்சு அதுல எண்ணெய ஊத்தி பால் மாதிரி ஆகற வரைக்கும் கலக்கி அப்புறம் டேங்குல விட்டேன். சோப்பு சரியா சேரலைனா எண்ணெய் மேல மெதக்கும், மொத பாருக்கு வெறும் தண்ணியும் கடைசி பாருக்கு வெறும் எண்ணெயும் விழும். நாலு செடில மட்டும் அடிச்சு ரெண்டு நாள் பாத்துட்டு, கருகலைன்னதும் மீதிக்கு சாயங்காலம் அஞ்சரைக்கு மேல அடிச்சேன். கந்தகத்துல சூடு பட்ட பூனை இல்லையா. எண்ணெய் வாசனை காய்ல ரெண்டு நாள் இருக்கும், அதனால பறிச்ச அன்னிக்கு சாயங்காலமே அடிச்சுட்டா அடுத்த பறிப்புக்குள்ள போய்டும்.

பேன் மருந்தும் ஒரு தடவை அடிச்சேன், மறைக்க ஒண்ணும் இல்ல. ஸ்பைரோமெசிஃபென் 22.9 சதவீதம், ஏக்கருக்கு 160 மில்லி கணக்கு, என் 40 சென்ட்டுக்கு அஞ்சு டேங்கு, டேங்குக்கு 13 மில்லி. ஆரம்பிச்சிருக்கற பாருக்கும் அத சுத்தி மூணு பாருக்கும் மட்டும்தான் அடிச்சேன். இந்த மருந்து முட்டையையும் குட்டியையும் தான் நல்லா அடிக்கும், பெரிய பேன் உடனே சாகாது, நாலஞ்சு நாள் நடமாடிகினு இருக்கும். மறுநாள் போய் பாத்துட்டு மருந்து டூப்ளிகேட்டுன்னு கடைல சண்டை போட்டு வேற ஒண்ண வாங்கி அடிக்கறவங்கள எனக்கு தெரியும், ரெண்டு வருஷம் முன்னாடின்னா நானும் அதான் செஞ்சிருப்பேன். மறுபடி அடிக்க வேண்டி வந்தா அதே மருந்த அடிக்காதீங்க, வேற வகைக்கு மாத்துங்க, ப்ரோபர்கைட் மாதிரி, பேன் சீக்கிரம் பழகிக்கும். எத வாங்கினாலும் பாட்டில் கூட வர்ற சீட்டுல கத்திரின்னு போட்டிருக்கான்னு பாருங்க, அடிச்சு எத்தினி நாள் கழிச்சு பறிக்கணும்னு அதுலயே இருக்கும். நான் அடிச்ச ஸ்பைரோமெசிஃபெனுக்கு அஞ்சு நாள்.

அந்த அஞ்சு நாள்தான் பணம். நாலு நாளைக்கு ஒரு பறிப்புன்னு ஓடறப்ப அஞ்சு நாள் முழுசா விட்டு ஆறாம் நாள் பறிச்சா காய் முத்திடும், முத்துன முள்ளு கத்திரி வெதையா கடிபடும், மண்டில மூஞ்ச சுளிப்பாங்க. மண்டிக்காரர் மூணாவது நாளே போன் பண்ணாரு, முகூர்த்தம் இருக்கு, எவ்ளோ இருந்தாலும் ஏத்தி விடுன்னாரு, விலையும் நல்லா இருந்துச்சு. அடிக்காத பாருல இருந்து பதினெட்டு கிலோ அனுப்புனேன், மீதி அடுத்த வாரம்னேன். "எல்லாரும் அடிச்ச மறுநாளே ஏத்தறாங்க, நீ ஒண்டி இன்னா"ன்னாரு. நான் ஒண்ணும் பெரிய உத்தமன் இல்ல, முன்னாடி நானும் ஏத்தி இருக்கேன். அந்த வாரம் என் பொண்ணு ஸ்கூல் டப்பாவுல எங்க கொல்லி கத்திரிக்கா வறுவல் எடுத்துகினு போனத பாத்தேன், அது ஒரு காரணம். நல்ல வேளையா கொல்லி முழுக்க அடிக்காம ஒரு பக்கம் மட்டும் அடிச்சது கை குடுத்துச்சு, ஒரு பக்கம் காத்துகினு இருக்கறப்ப இன்னொரு பக்கம் பறிக்கலாம். அடிக்கறதுக்கு முன்னாடி நாள் சின்ன காய் பெரிய காய் பாக்காம விக்கற அளவுக்கு இருக்கறத எல்லாம் வழிச்சு பறிச்சுடணும், அப்ப ஆறாம் நாள் பறிக்கறது அந்த அளவுக்கு முத்தாது.

இன்னொண்ணு, இது எந்த மருந்து கடைலயும் சொல்ல மாட்டான். பறிக்கற ஆளுங்கதான் பேன தூக்கிகினு போற பஸ்ஸு. நானே ரோட்டோரம் ஆரம்பிச்சு உள்ள பறிச்சுகினு போங்கன்னு அனுப்பிகினு இருந்தேன், கூடை வைக்க ரோடு பக்கம்ல. புடவைலயும் சாக்ஸுலயும் கூடைலயும் ஒட்டிகினு நல்ல பாருக்கு நானே கூலி குடுத்து பேன் ஏத்தி இருக்கேன். அப்புறம் மாத்திட்டேன். நல்ல பாரு மொதல்ல, கெட்ட பாரு கடைசில, அத பறிச்சுட்டு நேரா வூட்டுக்கு, மறுபடி உள்ள போக கூடாது. கூடைய வெயில்ல கவுத்து காய வைக்கணும். காத்துலயும் பேன் போகும், நூல புடிச்சுகினு பறக்கும், அத நம்மளால தடுக்க முடியாது, கூடைய தடுக்கலாம்.

வரப்புல இருந்த ஆமணக்கு ரெண்டு, துத்தி செடி, ஓரமா அழகுக்கு போட்ட துலுக்க சாமந்தி, எல்லாத்தையும் லென்ஸ் வச்சு பாத்தேன். சாமந்தில இலைக்கு இலை பேன். கத்திரிக்கு காவலா சாமந்தி போடுங்கன்னு எங்கயோ படிச்சுட்டு போட்டது. வேற பூச்சிக்கு அது காவலா இருக்கலாம், பேனுக்கு அது மாமியார் வூடு. புடுங்கி போட்டேன்.

பத்து செடிக்கு செவப்பு ரிப்பன் கட்டி வச்சிருக்கேன். நாலு நாளைக்கு ஒரு தடவை ஒவ்வொண்ணுலயும் நடு உயரத்துல ஒரு இலைய பேப்பர் மேல தட்டி, நகர்றத எண்ணி பம்புசெட்டு சொவத்துல கரிக்கட்டில எழுதுவேன். மொத நாள் எண்ணவே முடியல, "ரொம்ப"ன்னு எழுதி வச்சேன். அப்புறம் 60, 35, 38, 14. அந்த 38 வந்த அன்னிக்கு பயந்து மறுபடி மருந்த கைல எடுத்துட்டேன், அம்மாதான் "நாலு நாள் பொறு"ன்னுச்சு. அந்த 14 எண்ணுன பேப்பர்ல ஒண்ணு மட்டும் வேகமா ஓடுச்சு, கறுப்பா, கடுகுல பாதி. லென்ஸ்ல பாத்தா அந்த குட்டி வண்டு. ஒரு பேன கவ்விகினு இருக்கு. சத்தியமா சொல்றேன், கல்யாணத்துல கூட அவ்ளோ சந்தோசப்பட்டிருக்க மாட்டேன், இத எங்க வூட்ல படிக்காம இருக்கணும்.

அக்னி நட்சத்திரம் நடுவுல ஒரு ராத்திரி இடி மின்னல்னு வெளுத்து வாங்குச்சு மழை, மறுநாள் எண்ணுனா 3. மீதி வேலைய வானமே செஞ்சுடுச்சு. ஆனா கணக்கு பாத்தா அந்த சித்திரைல வழக்கமா வர்றதுல பாதிதான் வந்துச்சு. நாப்பது செடி போனது, கருகுன ரெண்டு பாரு, வீணா போன இமிடா, ஸ்ப்ரேயர் வாடகை எல்லாம் சேத்தா கூலிக்கு மேல பெருசா ஒண்ணும் நிக்கல.

இந்த வருஷம் நாத்து விட்டாச்சு. ரோட்டோரம் ரெண்டு வரிசை சோளம் நெருக்கமா வெதச்சிருக்கேன், தூசிய புடிச்சுக்கும். புழுவுக்கு பொறி வாங்கியாச்சு, பைரித்ராய்டு கடைசில பாத்துக்கலாம். பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வேலூர்ல வாங்கி பம்புசெட்டுல ஆணில மாட்டி வச்சிருந்தேன், நேத்து தேடுனா காணோம். வூட்டுல பாத்தா அம்மா திண்ணைல உக்காந்து ஒரு கைல லென்ஸ், ஒரு கைல ஊசி, வெரல்ல ஏறுன முள்ள எடுத்துகினு கீது. "இத மொதல்லயே வாங்கி இருக்க கூடாதா நீ, எத்தினி வருஷமா கண்ணு தெரியாம குத்திகினு கெடக்கறேன்"ன்னுது.